குழந்தை தவழும் தரைக்குத் தினமும் கிருமிநாசினி தேவையா?

கேள்வி: எட்டு மாதக் குழந்தை வீடு முழுக்கத் தவழ்கிறது. கிருமிக்குப் பயந்து இரண்டு வேளையும் கிருமிநாசினி விட்டுத் தரை துடைக்கிறேன். கணவருக்கு ஆஸ்துமா, துடைத்த பிறகு இருமுகிறார். போன வாரம் கழிவறையை ஆசிட் ஊற்றித் தேய்த்தேன். கறை போகவில்லை என்று அதன் மேலேயே ப்ளீச்சும் ஊற்றினேன். கண் எரிந்து, மூச்சு முட்டி, வெளியே ஓடிவந்துவிட்டேன். எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா? பதிலுக்கு எதை வைத்துச் சுத்தம் செய்வது?

பதில்: முதலில் கழிவறை விஷயம். நீங்கள் சுவாசித்தது குளோரின் வாயு. ப்ளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். எந்த அமிலம் பட்டாலும் அதிலிருந்து குளோரின் கிளம்பும்; வினிகரும் அமிலம்தான். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைப்பானோடு சேர்ந்தால் குளோரமின் வரும், அதுவும் நுரையீரலை அரிக்கும். கதவைச் சாத்திய சின்ன அறையில் இது உயிருக்கே ஆபத்து. உடனே வெளியே வந்தது மிகச் சரி. குளோரின் பாதிப்பு சில மணி நேரம் கழித்துக்கூடத் தீவிரமாகலாம். இன்னமும் இருமலோ இளைப்போ இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

இப்போது தரைக்கு வருவோம். தினசரிக் கிருமிநாசினியை நிறுத்திவிடுங்கள், தயக்கமே வேண்டாம். அழுக்கை நீக்குவது ஒரு வேலை, கிருமியைக் கொல்வது வேறு வேலை. நோயாளி இல்லாத வீட்டில் தரைக்கு முதல் வேலையே போதும். சோப்பு அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பெயர்த்தெடுக்கும்போது அதில் ஒட்டியிருக்கும் கிருமிகளும் சேர்ந்தே போய்விடும். கொரோனா, இன்ஃப்ளூயன்ஸா போன்ற வைரஸ்களுக்குக் கொழுப்பு உறை உண்டு. சோப்பு அந்த உறையையே உடைத்துவிடும். பக்கெட் தண்ணீரில் கொஞ்சம் மணமில்லாத சோப்புக் கரைசல் விட்டுத் துடையுங்கள், பிறகு வெறும் தண்ணீரில் ஒருமுறை. மாப்பை அலசி வெயிலில் காயப்போடுங்கள். ஈர மாப்பிலேயே கிருமி பெருகும்.

தரைக்கான கிருமிநாசினிகள் பலவற்றில் பென்சல்கோனியம் குளோரைடு என்ற சேர்மம் இருக்கிறது. தண்ணீர் காய்ந்த பிறகும் அது தரையில் படலமாகத் தங்கும். அதில் கை ஊன்றித் தவழும் குழந்தை அடுத்த நிமிடம் அதே கையை வாயில் வைக்கும். இது தோலை உறுத்தும், ஆஸ்துமாவையும் தூண்டும். உங்கள் கணவரின் இருமலுக்கு இதுவோ, கூடச் சேர்க்கும் வாசனையோ காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள், தெரிந்துவிடும்.

உங்களையும் சேர்த்தே சொல்கிறேன். நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தினர் 6,000-க்கும் மேற்பட்டோரை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், வீட்டிலோ வேலையாகவோ சுத்தம் செய்யும் பெண்களுக்கு நுரையீரல் திறன் மற்றப் பெண்களைவிட வேகமாகக் குறைந்திருந்தது. ஸ்ப்ரே வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். ஸ்ப்ரே அடித்தால் நுண்துளிகள் நேரே மூச்சில் போகும். துணியில் ஊற்றித் துடைத்தால் அந்தத் தொல்லை குறைவு.

கிருமிநாசினிக்கும் இடம் உண்டு. வீட்டில் யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் சோப்பு மட்டும் போதாது. இவற்றை அடிக்கடி உண்டாக்கும் நோரோவைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது. முதலில் அசுத்தத்தை அள்ளி, சோப்பால் கழுவுங்கள். அப்புறம் 0.1 சதவீத ப்ளீச் கரைசல்: லேபிளில் 5 சதவீதம் என்றிருந்தால் ஒரு லிட்டர் குளிர்ந்த நீருக்கு 20 மில்லி. ஊற்றிய கையோடு துடைத்துவிட்டால் பலனில்லை, பத்து நிமிடம் ஈரமாக இருக்கட்டும். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, குழந்தையையும் கணவரையும் வேறு அறைக்கு அனுப்பிவிட்டுச் செய்யுங்கள். கடைசியில் தண்ணீரால் துடைத்துவிட வேண்டும். மீந்த கரைசலை வைத்துக்கொள்ளாதீர்கள், வீரியம் போய்விடும்.

கதவுக் கைப்பிடி, சுவிட்ச் போன்ற சின்ன இடங்களை யாருக்காவது சளி, காய்ச்சல் இருக்கும்போது 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடால் துடைக்கலாம். அது தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். ஆஸ்துமா உள்ள வீட்டுக்கு ப்ளீச்சைவிட இது மேல். ஆனால் வினிகரோடு கலக்காதீர்கள். உறுத்தும் பெரஅசிட்டிக் அமிலம் உண்டாகும்.

வினிகர் குழாயில் படியும் உப்புக் கறையை நன்றாகவே நீக்கும், கிருமியைக் கொல்ல அதை நம்ப முடியாது. சமையல் சோடாவோடு கலந்து நுரைக்க விடுவது வீண். ஒன்றையொன்று முறித்துக்கொண்டு கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீர். சோடாவைத் தனியே பசையாகக் குழைத்துத் தேய்த்தால் சிங்க் பளிச்சென்று ஆகும்.

வீட்டில் மிச்சமிருக்கும் பாட்டில்களை ஒரேயடியாகக் கழிவறையில் கொட்டிவிடாதீர்கள், போன வாரம் நடந்ததுதான் மறுபடி நடக்கும். அவற்றின் சொந்த பாட்டில்களிலேயே மூடி, குழந்தை நாளைக்கு எழுந்து நின்றாலும் எட்டாத உயரத்தில், பூட்டி வையுங்கள். ஆசிட்டும் ப்ளீச்சும் ஒரே அலமாரியில் வேண்டாம்.