செப்டிக் டேங்க் இருக்கும்போது எங்கள் குடியிருப்புக்கு நகரத்துப் பாதாள சாக்கடை தேவையா?

கேள்வி கேட்டவர் நகர எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, ஐம்பது வீடுகள் உள்ள ஒரு கிராமப்புறக் குடியிருப்பில் இருக்கிறார். நகரத்துப் பாதாள சாக்கடையை அங்கே நீட்டிக்கத் திட்டம் வந்திருக்கிறது. ஆதரிப்பதா, எதிர்ப்பதா என்று கேட்கிறார்.

கழிவுநீர்க் குழாய் பதிக்கும் வேலையிலும், பிறகு அதைப் பராமரிக்கும் வேலையிலும் பல காலம் இருந்தவன் நான். யார் எதிரே வந்து திட்டத்தை விளக்கினாலும் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: ஒரு வீட்டுக்கு எத்தனை மீட்டர் குழாய்? நெருக்கமான நகரத் தெருவில் பத்து மீட்டருக்குள் ஒரு வீடு வந்துவிடும். உங்களுக்கு மூன்று கிலோமீட்டரை ஐம்பதால் வகுத்தால், ஊருக்குள் போடும் குழாயைச் சேர்க்காமலே வீட்டுக்கு அறுபது மீட்டர். செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிடப் பெரிய தலைவலி, அவ்வளவு நீளக் குழாயில் ஓடுவதற்கு உங்களிடம் தண்ணீர் போதாது என்பதுதான்.

கழிவுநீரை ஓட வைப்பது வாட்டம், அதாவது குழாயின் சரிவு. திடப்பொருள் அடியில் தங்காமல் போக நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் வேகம் வேண்டும். 200 மி.மீ. குழாய் நிறைந்து ஓடும்போது அந்த வேகம் கிடைக்க, 250 மீட்டருக்கு ஒரு மீட்டர் வாட்டம் கொடுக்கிறோம். 'நிறைந்து ஓடும்போது' என்பதைக் கவனியுங்கள். ஐம்பது வீட்டில் இருநூறு பேர், ஆளுக்கு நாளைக்கு நூறு லிட்டர் என்று வைத்தால் மொத்தம் 20,000 லிட்டர். சராசரியாக நொடிக்குக் கால் லிட்டர்கூட இல்லை. அந்தக் குழாயோ நொடிக்கு இருபது லிட்டர் கொண்டுபோகக் கூடியது. காலை நேரத்தில் கொஞ்சம் கூடும், அவ்வளவே. இப்படிப்பட்ட வரிசையின் கடைசி வீட்டருகே ஆள்நுழைகுழியின் மூடியைத் திறந்து பார்த்தால் ஓட்டமே இருக்காது. காகிதமும் மலமும் குழாயின் அடியில் காய்ந்து பொருக்குத் தட்டிக் கிடக்கும்.

சமதரையில் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் குழாய் நான்கு மீட்டர் கீழே இறங்கிவிடும். மூன்று கிலோமீட்டருக்கு அப்படித் தோண்டிக்கொண்டே போக முடியாது. எனவே ஊர் எல்லையில் கழிவுநீரைப் பம்ப் வைத்துத் தள்ளும் ஒரு உந்து நிலையம், அங்கிருந்து 100 மி.மீ. அழுத்தக் குழாய் என்று போடுவார்கள். மூன்று கிலோமீட்டர் நீளத்தில் அந்தக் குழாய்க்குள் மட்டும் சுமார் 23,500 லிட்டர் நிற்கும். உங்கள் ஊரின் ஒரு நாள் கழிவுநீரைவிட அது அதிகம்! இன்று காலை குளித்த தண்ணீர் நாளைக்குத்தான் நகரம் போய்ச் சேரும். அத்தனை நேரம் காற்றுப் படாமல் கிடக்கும் கழிவில், அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு உருவாகிறது. குழாய் முடியும் இடத்தில் அந்த வாயு வெளியேறி, ஈரச் சுவரில் வாழும் நுண்ணுயிர்களால் கந்தக அமிலமாக மாறிக் கான்கிரீட்டைத் தின்கிறது. அந்தச் சுவரை விரலால் சுரண்டினால் பிசைந்த மாவுபோல் கையோடு வரும். திட்ட அறிக்கைகளில் உந்து நிலையத்துக்கு ஒரு வரிதான் இருக்கும். பராமரிப்பவருக்கோ வேலையில் பாதி அங்கேதான். பம்பில் கந்தல் சுற்றிக்கொள்ளும், மின்சாரம் போகும், நிலையத்தில் கழிவுநீர் சேரும் தொட்டி நிரம்பி வழியும்.

அப்படியானால் வேண்டாம் என்கிறேனா? இல்லை. பாறைத் தரை, களிமண், மேலாகவே நிற்கும் நிலத்தடி நீர், சின்னச் சின்ன மனைகள் என்றால், செப்டிக் டேங்க் நீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சுகுழி வேலை செய்யாது. செப்டிக் டேங்க் 'நன்றாக இருக்கிறது' என்று பலர் சொல்வதற்குப் பொருள், அது இன்னும் வாசலில் வழியவில்லை என்பது மட்டுமே. தொட்டியிலிருந்து வெளியேறும் அம்மோனியா மண்ணில் நைட்ரேட்டாக மாறிக் கிணற்றில் கலக்கிறது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. தாண்டினால் முதலில் பாதிக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகள். காய்ச்சினால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும். ஆகவே நான்கைந்து கிணறுகளின் நீரை நைட்ரேட்டுக்கும், மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலி என்ற கிருமிக்கும் சோதித்து, அந்த முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள். கிணறுகள் கெட்டிருந்தால் என் ஓட்டு குழாய்க்கே.

அப்போதும் நகரத்தில் போடும் அதே முறைதான் வேண்டும் என்பதில்லை. செப்டிக் டேங்கை அப்படியே வைத்துக்கொண்டு, தெளிந்த நீரை மட்டும் சிறு விட்டக் குழாயில் கொண்டுபோகும் முறை ஒன்று உண்டு. தென் ஆஸ்திரேலியாவின் சிற்றூர்களில் 1960-களிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. திடப்பொருள் தொட்டியிலேயே தங்கிவிடுவதால் 0.6 மீட்டர் வேகம் என்ற கட்டாயம் இல்லை. குழாய் ஆழமாகப் போக வேண்டியதும் இல்லை. தொட்டிக் கழிவை முறையாக எடுத்துப்போக ஏற்பாடு இருந்தால்தான் இது தாக்குப்பிடிக்கும். உந்து நிலையம் தேவைப்பட்டால் நாற்றப் பிரச்சினை இதிலும் உண்டு. ஆனாலும் உங்களைப் போன்ற சிதறிய வீடுகளுக்கு என் முதல் தேர்வு இதுதான். திட்டக்காரர்கள் தாங்களாக இதை எடுத்துவைப்பது அபூர்வம். நீங்கள் கேட்க வேண்டும்.

யாரும் பேசாத இன்னொன்று: இப்போது உங்கள் உறிஞ்சுகுழிகள் வழியே மண்ணில் இறங்கும் நீர் இனி ஊரை விட்டே போய்விடும். கிணற்றை நம்பி இருக்கும் ஊர் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். குழாய் வந்த பின்னால் சுற்றியுள்ள நிலங்கள் மனைகளாவதும் பெரும்பாலும் நடப்பதுதான். சில இடங்களில் அந்த வருங்கால மனைகளுக்காகவே குழாய் வருகிறது. அப்படியென்றால் அந்த மனைகளைப் போடுபவர்களும் செலவில் பங்கு தரட்டும்.

சம்மதிப்பதானால் சிலவற்றை எழுத்தில் வாங்குங்கள். இணைப்பு கட்டாயமா, வீட்டிலிருந்து தெருக்குழாய் வரையிலான செலவு யாருடையது, பம்பின் மின்கட்டணமும் பழுதுபார்ப்பும் யார் பொறுப்பு, மின்தடையின்போது மாற்று ஏற்பாடு என்ன? மாடி மழைநீரை இந்தக் குழாயில் யாரும் விடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. கைவிடும் தொட்டிகளை இயந்திரத்தால் உறிஞ்சி, அடித்தளத்தில் துளையிட்டு, மணல் நிரப்பி மூடும் செலவையும் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் அதற்குள் ஆளை இறக்க விடாதீர்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். கொல்லும் அளவில் அந்த வாயுவின் நாற்றமே தெரியாது, மூக்கு மரத்துவிடும்.