மாந்தோப்பில் படியும் கல்குவாரித் தூசி: எங்கே முறையிடுவது?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டம் வேப்பனப்பள்ளி அருகே எங்களுக்கு இரண்டு ஏக்கர் மாந்தோப்பும் அதற்குள் வீடும் உள்ளன. பக்கத்துப் பட்டா நிலத்தில் இரண்டரை ஆண்டுகளாகக் கல்குவாரி நடக்கிறது. வெடியால் சுவரில் விரிசல் விட்டிருக்கிறது. தை, மாசியில் பூவின்மீது தூசி படிந்து பிஞ்சு நிற்பதில்லை. குவாரியை மூட முனிசீப் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாமா?

பதில்: வேண்டாம். சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குச் செல்லுங்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010-இன் 29-வது பிரிவு, தீர்ப்பாயம் தீர்க்க வேண்டிய சுற்றுச்சூழல் தகராறுகளையும் இழப்பீட்டுக் கோரிக்கைகளையும் உரிமையியல் நீதிமன்றங்கள் விசாரிப்பதைத் தடுக்கிறது. அங்கே மனு கிடக்கும் காலத்தில் தீர்ப்பாயத்துக்குரிய கெடு கழிந்துவிடக்கூடும் என்பதே என் கவலை.

சுற்றுச்சூழல் தகராறைத் தீர்க்கக் கோரும் 14-வது பிரிவின்கீழ், வழக்குமூலம் (வழக்குக்குக் காரணமான நிகழ்வு) முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குள், தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாட்களுக்குள் மனு செய்ய வேண்டும். அந்த வழி உங்களுக்கு ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. ஆனால் இழப்பீடு கோரவும், சேதமடைந்த சொத்தையும் சுற்றுச்சூழலையும் சீராக்கித் தரக் கோரவும் இடமளிக்கும் 15-வது பிரிவுக்கு 5 ஆண்டுகள் உண்டு. இழப்பீட்டு இனங்களைச் சொல்லும் இரண்டாம் அட்டவணையில் பயிர், மரங்களுடன் தோப்புகளும் இடம்பெற்றிருப்பதால், உங்கள் மா மகசூல் இழப்பைத் தயங்காமல் கேட்கலாம்.

வழக்கின் பலம் குவாரியின் சுற்றுச்சூழல் அனுமதியில் உள்ள நிபந்தனைகளில்தான் இருக்கிறது. 5 ஹெக்டேருக்குக் குறைந்த, கல், மணல் போன்ற சிறு கனிமக் குத்தகைக்கும் அந்த அனுமதி தேவை என்று தீபக் குமார் வழக்கில் 27.02.2012 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. அனுமதி ஆணையையும், குவாரிக்காரர் அரையாண்டுக்கு ஒருமுறை தர வேண்டிய நிபந்தனை நிறைவேற்ற அறிக்கைகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். டிப்பர் போகும் பாதையில் தண்ணீர் தெளிப்பதாக அறிக்கை சொல்ல, அதே காலத்தில் உங்கள் மாவிலையை விரலால் தடவினால் வெள்ளை மாவு ஒட்டுகிறது என்றால், அதைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி குறியுங்கள். அது கோட்டைத் தாண்டி நீளும்போது நீங்கள் வாதாட வேண்டியது குறைந்துவிடும்.

குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் வெட்டக் குத்தகை தரக்கூடாது என்பது தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள், 1959-இன் 36-வது விதி. வருவாய்ப் பதிவேட்டில் நத்தமாகவோ வீட்டுமனையாகவோ இல்லாத தோப்பு வீடு இதில் வராமல் போகலாம். ஊர் நத்தம் அந்தத் தூரத்துக்குள் இருக்கிறதா என்று சர்வேயரைக் கொண்டு அளந்து பாருங்கள். இந்த விதிமீறலை மாவட்ட ஆட்சியரிடம்தான் முறையிட வேண்டும்; கனிமச் சட்டம் தீர்ப்பாயத்தின் அதிகாரத்துக்குட்பட்ட சட்டங்களின் முதல் அட்டவணையில் இல்லை.

குவாரியை அடியோடு மூட வேண்டும் என்ற ஒற்றைக் கோரிக்கையுடன் செல்வதை நான் பரிந்துரைக்கவில்லை. தண்ணீர் தெளிப்பு, ஈரத் துளையிடல், தார்ப்பாய் மூடிய வண்டி, பசுமை வளையம் (குவாரியைச் சுற்றி மரங்கள் வளர்ப்பது) ஆகிய நிபந்தனைகளில் எவை மீறப்படுகின்றனவோ, அவற்றை நிறைவேற்றும் வரை வெடி வைப்பதை நிறுத்தக் கேளுங்கள். தோப்பையும் வீட்டையும் காக்க அதுவே விரைவான வழி. சென்னையிலுள்ள தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் கோரும் இழப்பீட்டில் 1 சதவீதம், குறைந்தது 1,000 ரூபாய் கட்டணம். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்குக் கட்டணமில்லை. வரும் தை மாதப் பூவுக்கு முன்பே மனுவைத் தாக்கல் செய்துவிடுங்கள்.