பழகிய கண்

அன்புள்ள ஐயா,

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பயிற்சிக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. மைக்ராஸ்கோப்பில் கால் மணி நேரம் தேடியும் எனக்கு அகப்படாத மலேரியா கிருமியை, எங்கள் மூத்தவர் குனிந்த மாத்திரத்தில் காட்டிவிடுகிறார். இத்தனைக்கும் அவர் தடித்த கண்ணாடி போட்டவர். எனக்குப் பார்வையில் குறையே இல்லை. பழகப் பழகக் கண் கூர்மையாகுமா? அப்படியானால், பயிற்சி செய்தால் கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று வரும் விளம்பரங்களையும் நம்பலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கண்ணாடி போட்டவருக்குத் தெரிகிறது, போடாத எனக்குத் தெரியவில்லை என்கிறீர்கள். பாதிப் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். பழக்கத்தால் தேறுவது பெரும்பாலும் மூளைதான்.

நான் பல ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்தவன். ‘பார்வை’ என்பது ‘பரர்வை’ என்று அச்சாகியிருக்கும். துணைக்காலும் ரகரமும் இரட்டைப் பிள்ளைகள் போல. முதல் மாதங்களில் சொல்லை வாசித்துக்கொண்டு போய்விடுவேன், எழுத்து கண்ணிலேயே படாது. பிறகு எப்போது என்று தெரியாமல் ஒரு மாற்றம் வந்தது. தாளைக் கையில் எடுக்கும்போதே அந்த இடம் முள்ளாக உறுத்தும். இதற்கிடையில் என் கண்ணாடியின் பவர் கூடித்தான் இருந்தது!

1991இல் கார்னி, சகி என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். திரை நிறையக் கிடைக்கோடுகள். நடுவே மூன்று மட்டும் சாய்ந்தவை. கண் இமைக்கும் நேரம் காட்டி மறைத்துவிட்டு, அந்த மூன்றும் சேர்ந்த வரிசை நெடுக நின்றதா, குறுக்கே கிடந்ததா என்று கேட்பார்கள். சோதனைக்கு வந்தவர்கள் நாள்பட நாள்பட நன்றாகத் தேறினார்கள். ஆனால் ஒரு கண்ணால் பழகியது மறு கண்ணுக்குப் போகவில்லை. திரையில் கோடுகளை வேறு மூலைக்கு மாற்றினால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. இன்னொரு வியப்பு: தேர்ச்சி பயிற்சியின்போதே வரவில்லை, சில மணி நேரம் கழித்து வந்தது. கனவு வரும் உறக்கத்தைக் கலைத்தால் வரவே இல்லை என்று 1994இல் கண்டார்கள். ஆகவே இரவு முழுக்க ஸ்லைடு பார்க்காதீர்கள்.

இத்தனை குறுகலான தேர்ச்சியைக் காட்டி விளம்பரக்காரர்கள் கண்ணாடியைக் கழற்றச் சொல்வது அநியாயம். மங்கிய எழுத்தை ஊகித்து வாசிக்கும் திறன் சற்றுக் கூடலாம். கண்ணின் நீளமோ லென்ஸோ அதனால் மாறாது. ‘சோம்பேறிக் கண்’ வேறு கதை. அங்கே குறை மூளை பார்க்கப் பழகியதில் இருப்பதால் பயிற்சி உதவுகிறது, அதுவும் மருத்துவர் சொல்கிறபடி.

இனி உங்கள் ஸ்லைடுக்கு வருவோம். “எங்கே இருக்கிறது?” என்று மூத்தவரிடம் கேட்காதீர்கள். “இது ஏன் கிருமி இல்லை?” என்று கேளுங்கள். சிவப்பணுவின் மேல் ஒரு தட்டணு, அதாவது ரத்தம் உறைய உதவும் நுண்ணிய அணு, போய் உட்கார்ந்தால் வளைய வடிவில் இருக்கும் மலேரியா கிருமி போலவே ஏமாற்றும். ஆனால் தட்டணுவைச் சுற்றி வெளிறிய விளிம்பு ஒன்று தெரியும். வளையத்துக்கு நீல நிற உடலும் செந்நிறப் பொட்டும் உண்டு. பழகிய கண் என்பது இப்படிப்பட்ட வேறுபாடுகளின் கையிருப்புதான். சந்தேகமே இல்லாத ஸ்லைடுகளில் தொடங்குங்கள். எளிதானதை ஒருமுறை தெளிவாகக் கண்டவர்களுக்குக் கடினமானதும் பிடிபடுகிறது என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சரியா தவறா என்று உடனே தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து விடை தெரிந்து என்ன பயன்?

பழகிய கண்ணுக்கும் ஒரு குருடு உண்டு. 2013இல் நுரையீரல் ஸ்கேன் படங்களில் ஒரு கொரில்லாவின் உருவத்தைச் செருகி, கட்டி தேடச் சொன்னார்கள். 24 கதிரியக்க மருத்துவர்களில் 20 பேர் அதைப் பார்க்கவில்லை. நான் சிரிக்க மாட்டேன். நான் மெய்ப்புப் பார்த்த ஒரு புத்தகத்தில் ஒரு பத்தி முழுதாக இரண்டு முறை அச்சாகி வெளியே போயிற்று. இரண்டிலும் எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.