மாலை ஆறு மணிக்கு மேல்

அன்புள்ள ஐயா,

குடிநோய் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எழுதுகிறேன். என் அண்ணன் ஒரு மறுவாழ்வு மையத்தில் ஒரு மாதம் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். வயது 38, எலக்ட்ரீஷியன். பகலில் வேலைக்குப் போய்விடுகிறார், பிரச்சினை இல்லை. மாலை ஆறு மணியானால் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடக்க ஆரம்பித்துவிடுகிறார். பழைய கூட்டாளிகள் கண்ணில் பட்டால் கூப்பிட்டுவிடுவார்களே என்று நாங்கள் வெளியே விடுவதில்லை. அண்ணி போனைக்கூட வாங்கி வைத்துக்கொள்கிறார். மையத்தில் கிளம்பும்போது, "ஊரில் ஏதாவது நல்ல காரியத்தில் ஈடுபடுத்துங்கள்" என்றார்கள். எங்கள் ஊரில் வாலிபால் டீம், நூலகம், கோயில் திருவிழா கமிட்டி எல்லாம் உண்டு. இதெல்லாம் உண்மையிலேயே உதவுமா, பேச்சுக்குச் சொல்கிறார்களா? அடுத்த மாதம் திருவிழா. சீரியல் செட் வேலைக்கு இப்போதே கூப்பிடுகிறார்கள். அனுப்பலாமா?

க., திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள க.,

உதவும். பேச்சுக்குச் சொல்வதில்லை. ஆனால் எந்தக் காரியம், யாரோடு, எந்த நேரத்தில் என்று பார்க்காமல் அனுப்பினால் அதே காரியம் குடிக்கத் திரும்பும் வழியாகவும் ஆகிவிடும்.

அண்ணன் ஏன் ஆறு மணிக்கு நடக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். இத்தனை வருடமாக அந்த நேரத்தில் அவருக்குப் போக ஓர் இடம் இருந்தது, காத்திருக்க நாலு பேர் இருந்தார்கள், பேச்சு இருந்தது, கடன் கொடுக்கல் வாங்கல், அடுத்த நாள் வேலைக்கு ஆள் பிடிப்பதுகூட அங்கேதான் நடந்திருக்கும். குடியை நிறுத்தச் சொன்னபோது அதெல்லாம் சேர்ந்து போய்விட்டது, நாம் அதற்குப் பதிலாக எதுவும் தரவில்லை. வீட்டுக் கூடத்தில் டிவி முன்னால் உட்காரவைத்துச் சுற்றிலும் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் நல்ல மனிதருக்கே மூச்சு முட்டும்.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஹன்ட், அஸ்ரின் என்று இரண்டு பேர் ஒரு மனநல மருத்துவமனையில் செய்த வேலையை இங்கே சொல்ல வேண்டும். 1973-ல் அதை வெளியிட்டார்கள். குடிநோய்க்காக அங்கே சேர்ந்தவர்களில் எட்டுப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு எட்டுப் பேருக்கு அதோடு வேலை தேடித் தருவது, கணவன் மனைவி உறவைச் சீர்செய்வது, அப்புறம் மாலையில் போக ஓர் இடம். அந்த இடம் எது தெரியுமா? முன்பு மதுக்கடையாக இருந்த ஒரு கட்டிடம். அதையே கிளப்பாக மாற்றி, சீட்டாட்டம், பாட்டு, நடனம், சினிமா, பிக்னிக் என்று வைத்தார்கள். மனைவியையும் அழைத்து வரலாம். குடித்துவிட்டு வந்தால் மட்டும் உள்ளே விடமாட்டார்கள். ஆறு மாதம் பார்த்ததில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 79 சதவீத நாட்கள் குடித்திருந்தார்கள், மற்றவர்கள் 14 சதவீதம். சின்னக் குழுதான், கிளப் ஒன்றினால் மட்டும் வந்த பலனும் இல்லை. ஆனாலும் மாலை நேரத்தைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே அவர்கள் எடுத்துக்கொண்டது எனக்கு ரொம்பப் பெரிய விஷயமாகப் படுகிறது. நம் ஊரில் டிஸ்சார்ஜ் அன்றைக்கு வாசலோடு விட்டுவிடுகிறோம்.

இன்னும் பக்கத்தில் வேண்டுமென்றால் கேரளத்தில் திருச்சூர் மாவட்டத்து மரோட்டிச்சால். ஒரு காலத்தில் சாராயத்துக்கும் சூதாட்டத்துக்கும் பேர்போன ஊர். உண்ணிகிருஷ்ணன் என்பவர் செஸ் கற்றுக்கொண்டு வந்து, டீக்கடை வைத்து, கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சும்மாவே கற்றுக்கொடுத்தார். இன்று அதை செஸ் கிராமம் என்கிறார்கள். செஸ் மட்டுமே ஊரை மாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். அவர் பலகையை டீக்கடையில் விரித்தாரே, அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். ஏற்கெனவே ஆட்கள் வந்து உட்காரும் இடம். கட்டணம் இல்லை, பெயர் பதிவு இல்லை, 'நீ குடிகாரன், இது உனக்கான வகுப்பு' என்று யாரும் சொல்லவில்லை.

உங்கள் மாவட்டத்திலேயே மஞ்சக்குடி இருக்கிறது. சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டிடிகே மருத்துவமனைக்காரர்கள், 1980களின் கடைசியிலேயே அந்த ஊருக்கு வந்து தங்கி முகாம் நடத்திக் குடிநோய்க்குச் சிகிச்சை கொடுத்திருக்கிறார்கள். நோயாளியைப் பட்டணத்துக்குக் கொண்டுபோகாமல், ஊர்க்காரர்களையும் குடும்பத்தையும் கூடவே உட்காரவைத்துச் செய்தது. உங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், நினைவில் வைத்திருப்பார்கள்.

சரி, உங்கள் ஊருக்கு வருகிறேன். வாலிபால் நல்லதுதான், உடம்பு களைத்தால் தூக்கம் வரும், புதிதாகக் குடியை விட்டவருக்குத் தூக்கம்தான் பெரிய பாடு. ஆனால் ஆட்டம் முடிந்ததும் டீம் எங்கே போகிறது? ஜெயித்தாலும் தோற்றாலும் சரக்கு வாங்குகிற டீம் என்றால் வேண்டவே வேண்டாம். பள்ளிப் பையன்கள் பயிற்சி எடுக்கும் மைதானம் இருந்தால் அங்கே போகட்டும், பையன்களுக்கு சர்வீஸ் போடக் கற்றுக்கொடுக்கட்டும். நூலகத்தில் போய் உட்காரச் சொன்னால் இரண்டு நாளில் அலுத்துவிடும், மாறாக அங்கே எரியாத ட்யூப்லைட்டையும் சுற்றாத ஃபேனையும் சரிசெய்து தரச் சொல்லிக் கேட்டால் போவார். அவர் கைத்தொழில் அது. அடுத்த வாரமும் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் கோயிலாகப் போய்ப் புல் செதுக்கிச் சுத்தம் செய்யும் உழவாரப்பணிக் குழுக்கள் உங்கள் பக்கம் நிறைய உண்டு. விடியற்காலையில் கிளம்ப வேண்டும் என்பதால் சனிக்கிழமை இரவும் கூடவே பத்திரமாகிவிடுகிறது. ஒன்றை மட்டும் பாருங்கள்: அவர் போகாவிட்டால் அங்கே யாராவது தேட வேண்டும். சாவி அவரிடம் இருக்கிறது, பந்து அவரிடம் இருக்கிறது என்கிற மாதிரி ஒரு பொறுப்பு. வேடிக்கை பார்க்க அனுப்பினால் பயன் குறைவு.

அவரை மேடையேற்ற விடாதீர்கள். 'நேற்றுவரை குடிகாரர், இன்று திருந்தியவர்' என்று மைக்கில் சொல்லிச் சால்வை போர்த்த நம் ஊரில் ஆள் உண்டு. நல்ல எண்ணம்தான், ஆனால் நாளைக்கு ஒருநாள் சறுக்கிவிட்டால் அந்த மனிதர் அந்த இடத்துக்கு எப்படித் திரும்பிப் போவார்? சறுக்கல் நிறையப் பேருக்கு வருகிறது. வந்தால் மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். தொடர்ந்து சில நாள் குடித்துவிட்டால் வீட்டிலேயே பூட்டிவைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள், வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தால் வாலிபால் ஆடுகிறார் என்பதற்காக அதை நிறுத்த வேண்டாம். 14446 என்ற அரசு உதவி எண் இருக்கிறது, கட்டணம் இல்லை.

ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்று, குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடிப் பேசும் கூட்டம் பக்கத்து டவுனில் நடக்கிறதா என்று விசாரியுங்கள். காசு வாங்கமாட்டார்கள், குடியை விட விருப்பம் இருந்தால் போதும் என்பார்கள். தன்னைப் போல இன்னொருவர் பேசுவதைக் கேட்பது வாலிபாலில் கிடைக்காது. உங்களுக்கும் அண்ணிக்கும் அல்-அனான் இருக்கிறது, குடும்பத்தினருக்கானது. அண்ணி போனை வாங்கி வைத்துக்கொள்வதை எழுதியிருந்தீர்கள். அவர் எவ்வளவு பயந்திருந்தால் அப்படிச் செய்வார் என்று புரிகிறது, அவருக்கும் மனம்விட்டுப் பேச ஆள் வேண்டும்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் மையத்துக்காரர்கள் சொன்னது இருக்கிறது, அண்ணி செய்வது இருக்கிறது, கமிட்டி கூப்பிடுவது இருக்கிறது. அண்ணன் என்ன சொல்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. முதலில் அவரிடம் கேளுங்கள். 'எந்த இடத்துக்குப் போனால் குடிக்கத் தோன்றும், எங்கே போனால் தோன்றாது?' என்று கேட்டால் அவர் நம் இருவரையும்விடத் தெளிவாகச் சொல்வார்.

திருவிழா விஷயத்தில் என் அபிப்பிராயம் இது, அவர் வேறு சொன்னால் அதையும் எடைபோடுங்கள். சீரியல் செட் வேலை இந்த வருடம் வேண்டாம். விடிய விடிய ஜெனரேட்டர் பக்கத்தில் கிடக்க வேண்டும், அங்கே பாட்டில் வராத ஊரை நான் பார்த்ததில்லை. வேலை முடிந்த கையோடு கூலியும் ரொக்கமாகக் கைக்கு வரும். அன்னதானப் பந்தலில் பகல் பந்திக்கு ஆள் வேண்டுமா என்று கமிட்டியில் கேளுங்கள், காரணம் கேட்டால் 'இரவில் கண்விழிக்க டாக்டர் வேண்டாம் என்கிறார்' என்று சொல்லிவிடுங்கள், மையத்து டாக்டரும் அதைத்தான் சொல்வார். அண்ணியும் நீங்களும் அதே பந்தியில் பரிமாறுங்கள். மாலை ஐந்து மணிக்குச் சேர்ந்தே வீட்டுக்கு வந்துவிடலாம்.