18 வயதுக்குப் பிறகு யார் செலவு?

வணக்கம்.

எனக்கு 19 வயது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செலவு முழுவதும் அப்பாதான். வீட்டில் வாக்குவாதம் வந்தால், "நீ மேஜர் ஆகிவிட்டாய், இனி உனக்கு நான் ஒரு பைசா தரவேண்டியதில்லை" என்பார். மறுநாளே, "என் காசில் படிக்கிற வரைக்கும் நான் சொல்வதுதான்" என்பார். என் போனை எடுத்துப் பார்க்கிறார், யாரோடு பழகுகிறேன் என்று விசாரிக்கிறார். அப்படியானால் நான் மேஜரா இல்லையா? படிப்பை நிறுத்திவிட்டு ஏதாவது வேலைக்குப் போய்த் தனியாக இருந்துவிடலாம் என்று தோன்றுகிறது.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள வாசகருக்கு,

படிப்பை நிறுத்த வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணத்துக்குக் கொஞ்சம் சுற்றி வரவேண்டும்.

அப்பா சொல்லும் இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதை நீங்களே கவனித்திருக்கிறீர்கள். பணம் தரும் கடமை பற்றிப் பேசும்போது உங்களைப் பெரியவர் ஆக்குகிறார், உரிமை பற்றிப் பேசும்போது குழந்தை ஆக்குகிறார். அவர் மட்டும் இல்லை, நிறையப் பெற்றோர் இப்படித்தான். யார் முடிவெடுப்பது, யார் செலவு செய்வது என்ற இரண்டு கேள்விகளையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிடுகிறார்கள். சட்டங்கள் பெரும்பாலும் அதைப் பிரித்தே வைத்திருக்கின்றன.

மேஜர் ஆகும் வயது இயற்கை வகுத்தது இல்லை. இங்கிலாந்தில் 1969 வரை அது 21. சட்டத்தைத் திருத்தி, 1970 ஜனவரி 1 முதல் 18 ஆக்கினார்கள். நியூசிலாந்தில் வாக்குரிமைக்கு 18 போதும், ஆனால் மேஜர் ஆகும் வயது இன்றும் 20. ஜப்பானில் நூறாண்டுக்கும் மேலாக 20 ஆக இருந்து, 2022 ஏப்ரல் 1 அன்று 18 ஆனது. அந்த மாற்றத்தில் இளைஞர்கள் இழந்தது ஒன்று உண்டு. அதுவரை 18, 19 வயதுக்காரர்கள் பெற்றோர் சம்மதம் இல்லாமல் போட்ட ஒப்பந்தத்தைப் பின்னால் ரத்து செய்ய முடிந்தது. மேஜர் ஆனதும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. கடன் அட்டையோ தவணைக் கடனோ, கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். 18 வயது தருவது முக்கியமாக இதைத்தான்: உங்கள் கையெழுத்து செல்லும், அதன் விளைவும் உங்களையே சேரும்.

பராமரிப்புக்கு வேறு கணக்கு. ஜெர்மனியில் பிள்ளை ஒரு தொழிலுக்கான முதல் படிப்பையோ பயிற்சியையோ முடிக்கும்வரை, 18 தாண்டினாலும், பெற்றோர் தங்கள் வசதிக்கேற்ப ஆதரிக்கவேண்டும். பிள்ளையும் படிப்பை இழுத்தடிக்காமல் முடிக்க முயலவேண்டும். மணமாகாத பிள்ளைக்குப் பணமாகத் தருவதா, வீட்டில் இடமும் சாப்பாடுமாகத் தருவதா என்று பெற்றோர் தீர்மானிக்கலாம், ஆனால் பிள்ளையின் நலனையும் பார்க்கவேண்டும். இந்தியாவில் 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம், தன் வருமானத்திலோ சொத்திலோ வாழ முடியாத மணமாகாத மகளைப் பராமரிக்கும் கடமையை 18க்குப் பிறகும் பெற்றோர்மேல் வைக்கிறது. மேஜரான மகனுக்கு அதில் இடமில்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. படிப்பு பாதியில் நிற்பது இருவருக்கும் ஒரே இழப்புதானே?

ஆக, "ஒரு பைசா தரவேண்டியதில்லை" என்பது சில இடங்களில் உண்மை, சில இடங்களில் இல்லை. ஆனால் அப்பாமேல் வழக்குப் போட்டுப் படிக்கும் நிலைக்கு நீங்கள் போகக்கூடாது என்றுதான் என் மனம் விரும்புகிறது. அதற்கு முன்னால் பேசிப் பார்க்க நிறைய இருக்கிறது.

பணம் தருகிறவருக்குச் சில கேள்விகள் கேட்கும் உரிமை உண்டு என்று நான் நினைக்கிறேன். வகுப்புக்கு ஒழுங்காகப் போகிறாயா, தேர்வில் தேறினாயா, படிப்பு எப்போது முடியும், கொடுத்த பணம் எங்கே போனது? இவற்றுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லுங்கள். போனுக்குள் இருக்கும் செய்திகள், நண்பர்கள், யாரைக் காதலிக்கிறீர்கள், யாரை மணக்கப்போகிறீர்கள் என்பதெல்லாம் அந்தப் பணத்தோடு சேர்ந்து வருபவை இல்லை. கல்லூரிக் கட்டணம் கட்டியவர் கட்டியது கல்லூரிக் கட்டணத்தை மட்டும்தான். பணத்தைக் காட்டிக் கீழ்ப்படிய வைக்கும் பெற்றோருக்குக் கிடைப்பது பொய் சொல்லப் பழகிய பிள்ளை. அந்த வலி பின்னால் அவர்களுக்கே வந்து சேர்கிறது, இதை உங்கள் அப்பா படித்தால் நல்லது.

சண்டை இல்லாத ஒரு நாளில் அவரோடு உட்காருங்கள். மாதம் எவ்வளவு, எதற்கு, எந்த மாதம் வரை என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். முடியும் தேதி கண்ணில் பட்டால் தருகிறவருக்கும் மனம் இளகும். உங்களால் எவ்வளவு குறைக்க முடியும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். வாரத்தில் சில மணி நேரம் பாடம் சொல்லிக் கொடுத்தோ, தட்டச்சு செய்தோ சம்பாதிக்கும் தொகை சின்னதாக இருக்கலாம், ஆனாலும் பேச்சின் தோரணை மாறும்.

தனியாகப் போவது தப்பே இல்லை. பட்டம் கையில் இல்லாமல், சேமிப்பு இல்லாமல், கோபத்தில் போவதுதான் ஆபத்து. கிடைத்த முதல் வேலையைப் பிடித்துக்கொள்வீர்கள், அதன் முதலாளி சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டியிருக்கும். அப்புறம் படிப்புக்குத் திரும்புவது மிகவும் கடினம். வீட்டில் அடி, மிரட்டல், அடைத்து வைப்பது என்று எதுவும் இருந்தால் மட்டும் நான் சொன்ன எதையும் பார்க்காதீர்கள். உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போய் உதவி கேளுங்கள்.

இப்போதே செய்ய வேண்டியவை சில உண்டு. மைனராக இருந்தபோது பெற்றோர் பெயரைச் சேர்த்துத் திறந்த வங்கிக் கணக்கு இருந்தால், மேஜர் ஆனதற்கான சான்றைக் காட்டி அதை உங்கள் கையெழுத்துக்கு மாற்றுங்கள். பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ்களின் அசல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு நகல் எடுத்து வையுங்கள். வீட்டுக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து கேட்டால், யாராக இருந்தாலும், முழுப் பத்திரத்தையும் படிக்காமல் போடாதீர்கள். அப்பாவின் கடன் அப்பாவுடையதுதான். ஜாமீன் போட்ட நாளிலிருந்து அது உங்களையும் பிடிக்கும். கல்விக் கடன் வாங்க நினைத்தால், பெற்றோரை இணைக் கடனாளியாகக் கேட்கிறார்களா, வட்டி எந்த மாதத்திலிருந்து ஓடத் தொடங்குகிறது என்ற இரண்டையும் விண்ணப்பம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

அப்பாவிடம் பேசிய பிறகு அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்.