பழைய வீட்டுச் சாமான்களைத் தேடிச் சேர்ப்பதில் அப்படி என்ன சுகம் இருக்கிறது?

'புதுச் சாமான் மலிவாகக் கிடைக்கும் காலத்தில், யாரோ பாவித்துக் கழித்த செம்பையும் பூட்டையும் காசு கொடுத்து வாங்கி வீட்டை நிரப்புகிறார்களே, இதில் என்ன இன்பம்?' என்று கேட்டிருக்கிறீர்கள். என் அம்மா இதே கேள்வியைப் பத்து வருடமாகக் கேட்டு வருகிறார், கொஞ்சம் காரம் கூட்டி. அவருக்குச் சொல்லிச் சரிவராத பதிலை உங்களுக்குச் சொல்லிப் பார்க்கிறேன்.

எனக்கு ஊர் திருகோணமலை. வீடு உவர்மலையில். இந்தப் பைத்தியம் ஒரு கிடாரத்தில்தான் தொடங்கியது.

பழைய இரும்புக் கடை ஒன்றுக்கு சைக்கிள் ரிம் தேடிப் போயிருந்தேன். மூலையில், நெளிந்த தகரங்களுக்கு நடுவே, பெரிய பித்தளைக் கிடாரம் கவிழ்ந்து கிடந்தது. கடைக்கார நானா (இங்கே முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) அதை உருக்கக் கொடுப்பதற்குக் கட்டி வைத்திருந்தார். நிமிர்த்திப் பார்த்தேன். விளிம்புக்குச் சற்றுக் கீழே ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுதியிருந்தது: 'மா. ச. 14'. நம் வீடுகளில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுவது தெரியும்தானே, அந்த எழுத்துதான். தராசில் வைத்து, பித்தளையின் கிலோ விலைக்கே வாங்கினேன். "தம்பி, இதில சோறாக்க உங்கட வீட்டில எத்தனை பேர்?" என்று நானா கேட்டார். மூன்று பேர்.

வீட்டுக்குக் கொண்டு வந்த அன்றே கதை கட்டிவிட்டேன். மா. என்றால் மாணிக்கம். ச. என்றால் சரசுவதி. 14 என்பது கல்யாணத் திகதி. சீதனமாக வந்த கிடாரம், இடம்பெயர்வில் கைவிட்டுப் போனது. வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் இதைச் சொன்னேன். மூன்று வருடம் சொன்னேன். சொல்லச் சொல்ல மாணிக்கத்துக்கு ஒரு மாட்டுவண்டிகூட வந்து சேர்ந்துவிட்டது.

அப்புறம் ஒருநாள் அம்மாவைப் பார்க்க, கொட்டியாரப் பக்கத்து ஆச்சி ஒருவர் வந்தார். விறாந்தையில் கிடாரத்தைக் கண்டதும் குனிந்து எழுத்தை விரலால் தடவிப் பார்த்துச் சிரித்தார். "இது எங்கட மாதர் சங்கத்துக் கிடாரமெல்லோ!" என்றார். மா. ச. என்றால் மாதர் சங்கம். கல்யாண வீட்டுக்கும் கோவில் அன்னதானத்துக்கும் வாடகைக்குக் கொடுத்த பாத்திரம். 14 அதன் இலக்கம். என் மாணிக்கமும் சரசுவதியும் அந்த இடத்திலேயே காலி.

ஆனால் ஆச்சி அதோடு நிற்கவில்லை. கிடாரத்தை என்னைக் கொண்டே கவிழ்க்கச் சொன்னார். அடியில் ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது. "பதினாலு நேராக இராது. இந்தப் பக்கம் ஓட்டுத் துண்டு வைத்து முட்டுக் கொடுக்கவேணும். இல்லாட்டி இந்த மூலைதான் அடிப்பிடிக்கும்" என்றார். திருப்பி உள்ளே பார்த்தேன். சரியாக அந்த இடத்தில்தான் கருகல் கறை இருந்தது. மூன்று வருடமாக என் கண்முன் இருந்த கறை! அதைக் கழுவ மறந்த அழுக்கு என்று நினைத்திருந்தேன். எத்தனை பந்திக்கு எத்தனை பெண்கள் அந்தச் சாய்ந்த கிடாரத்தோடு மல்லுக்கட்டியிருப்பார்கள்? நான் கட்டிய கதையைவிட இது எவ்வளவோ நல்ல கதை. எனக்குக் கிடைக்கும் சுகம் இதுதான்: சாமானை வாங்குவது பாதி, அதைப் பற்றி நான் நினைத்தது பிழை என்று ஒருவர் வந்து சொல்வது மீதி.

பிழை என்று மனிதர்தான் சொல்ல வேண்டும் என்றும் இல்லை. அம்மம்மாவின் சிங்கர் தையல் மெஷினைப் பாருங்கள். சிங்கர் 1877 இலேயே கொழும்புக்கு வந்துவிட்டது. பழைய மெஷின்கள் பல ஸ்கொட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலையில் செய்தவை. உடம்பில் எழுத்தும் இலக்கமும் பதித்திருக்கும், அதைக் கொண்டு செய்த காலத்தைக் கண்டுபிடிக்கலாம். எங்கள் மெஷினில் உள்ள எழுத்து ஆங்கில 'வை' (Y). அப்படியானால் 1920களில் அல்லது 1930களின் முன்பாதியில் செய்தது. அம்மம்மாவின் கல்யாணமோ 1950களில். 'அம்மப்பா எனக்கென்று புதுசாக எடுத்துத் தந்தது' என்று சாகும்வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மப்பா இருபது வருடப் பழசை நன்றாக எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொண்டு வந்து தலையில் கட்டியிருக்கிறார். நல்லவேளை, அம்மம்மா போன பிறகுதான் நான் அந்த இலக்கத்தைப் பார்த்தேன்.

பீங்கானைக் கவிழ்த்துப் பார்க்கும் பழக்கமும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. யார் வீட்டில் தேத்தண்ணி கொடுத்தாலும் குடித்து முடித்ததும் கோப்பையைக் கவிழ்ப்பேன், அம்மாவுக்கு மானம் போகும். அடியில் 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1891 க்குப் பிந்தியது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா போட்ட சட்டம் அப்போதுதான் நடைமுறைக்கு வந்தது, உலகம் முழுக்க அது வழக்கமாகிவிட்டது. என்னிடம் ஒரு சோசர் இருக்கிறது. நீலப் பூ, பொன் விளிம்பு, அடியில் 'மேட் இன் ஆக்கியுபைட் ஜப்பான்'. போரில் தோற்று, அந்நியப் படை ஆண்ட 1945 முதல் 1952 வரையான காலத்து ஜப்பான் சாமான். 1942 ஏப்ரல் 9 அன்று இதே ஜப்பானின் விமானங்கள்தான் எங்கள் துறைமுகத்தில் குண்டு போட்டன. அவற்றில் ஒரு விமானம் சீனக்குடா எண்ணெய்த் தாங்கி ஒன்றின் மேல் விழுந்து எரிந்தது. பத்து வருடம் போக முன் அதே நாட்டுப் பீங்கான் எங்கள் ஊர் அலுமாரியில், வந்தாரை வரவேற்க மட்டும் எடுக்கும் தட்டாக. நான் அதை முதலில் கண்ட வீட்டில், வீட்டுக்காரர் அதில் எனக்கு அவித்த கடலை வைத்துத் தந்தார். கடலை தீர்ந்த பிறகுதான் எழுத்தைப் பார்த்தேன்.

திருகோணமலையில் கடற்படைச் சாமானும் அகப்படும். பிரித்தானியக் கடற்படை 1957 வரை இங்கே இருந்தது, டொக்யாட்டில் எங்கள் ஆட்கள் எவ்வளவோ பேர் வேலை செய்தார்கள். ஒரு வீட்டில் ஆட்டுக் கொட்டிலைப் பூட்டிய பித்தளைப் பூட்டில் கோழிக்கால் தடம் போல மூன்று கோடு கண்டேன். வீட்டுக்காரர் அதைக் கம்பெனி முத்திரை என்று நினைத்திருந்தார். அது அகன்ற அம்பு, பிரித்தானிய அரசின் உடைமை என்பதற்கான பழைய அடையாளம். இந்தப் பூட்டு எப்படி உங்கள் கொட்டிலுக்கு வந்தது என்று கேட்டேன். சிரித்தார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

மரச்சாமான் பக்கம் நான் அதிகம் போவதில்லை, வீட்டில் இடமில்லை, கறையானுக்கும் பயம். ஒரே ஒரு வாங்கு (நீள இருக்கை) வைத்திருக்கிறேன். சிங்களத்தில் ஹல்மில்ல என்று சொல்லும் மரம். ஆங்கிலேயரின் மர வியாபாரத்தில் இதற்குப் பெயரே 'திருகோணமலை மரம்'. சென்னைக் கடற்கரையின் மசூலாப் படகுகளுக்கு இங்கிருந்து போன பலகை இது. வாங்கு என்ற சொல்லும் போர்த்துக்கேயன் விட்டுப்போனது, கதிரை, மேசை, அலுமாரி, குசினி எல்லாம் அப்படித்தான். மேசையின் இழுப்பறைக்கு நாங்கள் சொல்லும் லாச்சி ஒல்லாந்தன் கொடுத்தது. இந்தச் சொற்களுக்கு மட்டும் தூசி தட்டும் வேலை இல்லை.

இனி, அம்மாவோடு தீராத சண்டை ஒன்று. புளி.

தேடித் தேடி எடுத்த மூக்குப்பேணி ஒன்று இருந்தது. வாய் வைக்காமல் அண்ணாந்து குடிக்க மூக்கு வைத்த பேணி, இளம் ஆட்களுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். கரும்பழுப்பாக, தேன் பூசியதுபோல் ஒரு நிறம். தீபாவளிக்கு முதல் நாள் வேலையால் வந்து பார்த்தால், பேணி புதுச் சல்லிபோல் மின்னிக்கொண்டிருக்கிறது. அம்மா புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட்டார். வெண்கலக் கடைக்குள் யானை புகுந்ததுபோல் அன்று நான் போட்ட சத்தம் பக்கத்து வீடு வரை கேட்டிருக்கும். "ஊத்தையைக் காசு கொடுத்து வாங்கினவன் நீதான்" என்றார் அம்மா.

என் பக்க நியாயம்: புளியின் அமிலம் அந்த மேல்தோலைக் கரைத்துவிடும், அது திரும்பி வரப் பல வருடம் ஆகும். தேய்க்கத் தேய்க்க வெட்டிய பெயரும் அழியும். அம்மா பக்க நியாயம்: ஈயம் பூசாத பித்தளையில் புளிப்பு வைத்தால் களிம்பு ஏறும், வாய்க்குப் போகும் பாத்திரம் சுத்தமாக இருக்க வேண்டும். இரண்டும் சரிதான். ஆனால் பிறகு எங்கள் குத்துவிளக்கைக் கவனித்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அதன் தண்டில் உள்ள வளையங்கள் எல்லாம் கூர் மழுங்கி வழுவழுவென்று இருக்கின்றன. மழுக்கியது யார்? வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை புளி போட்ட அம்மா, அம்மம்மா, அவரின் அம்மா. அதுவும் பழமைதானே? இப்போது உடன்படிக்கை இதுதான்: விளக்கு அம்மாவுக்கு, மற்றதெல்லாம் எனக்கு. மூக்குப்பேணி மெல்ல மெல்லக் கறுத்து வருகிறது. இந்தக் கடற்காற்று இரும்பைத் தின்றாலும் பித்தளைக்கு நிறம் கொடுப்பதில் என் கட்சி.

நீங்களும் தொடங்க நினைத்தால் இரண்டு மூன்று விஷயம். முதலில் சொந்த வீட்டுப் பரணைப் பாருங்கள், காசு மிச்சம். வெண்கலம் என்று சொல்லி விற்றால் விரலால் சுண்டுங்கள், நல்ல வெண்கலம் கணீரென்று நீட்டி ஒலிக்கும், பித்தளை சீக்கிரம் அடங்கிவிடும். ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பெனியான வி.ஓ.சி.யின் செப்புக்காசு என்று நீட்டுவார்கள் (முதல்தரம் கேட்டபோது எனக்குக் கப்பலோட்டிய தமிழன்தான் ஞாபகம் வந்தார்). நல்லதும் உண்டு, சுற்றுலாப் பயணிக்கென்றே வார்த்ததும் உண்டு, பழகும்வரை வாங்காதீர்கள். நிலத்தில் தோண்டி எடுத்தது என்று யாராவது இரகசியமாகச் சொன்னால் அந்தப் பக்கமே போகவேண்டாம். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் அதற்கென்றே இருக்கிறது.

சட்டத்தில் இல்லாத ஒன்றும் இருக்கிறது. இந்த ஊரில் சனம் ஒருதரம் இரண்டுதரமா வீட்டைப் போட்டுவிட்டு ஓடியது? ஆளில்லாத வீடுகளில் கதவு நிலை முதல் கிணற்றுக் கப்பி வரை போயிருக்கிறது. ஆகவே விலை பேசுமுன் எங்கிருந்து வந்தது என்று கேட்பேன். பதில் மழுப்பலாக இருந்தால் விட்டுவிடுவேன். கோவிலின் பெயர் வெட்டிய விளக்கோ மணியோ என்றால் கேள்வியே இல்லை, வாங்குவதில்லை. மாதர் சங்கக் கிடாரத்தையும் திருப்பித் தரட்டுமா என்று ஆச்சியிடம் கேட்டேன். சங்கமே இல்லை, எங்கே வைப்பது, நீயே வைத்திரு, ஆனால் பூமரம் மட்டும் நட்டுவிடாதே என்றார்.

மொத்தம் எத்தனை கிடாரம் என்று ஆச்சிக்கு ஞாபகம் இல்லை. பதினாலாவது இருந்தால் பதின்மூன்றாவதும் எங்கோ இருக்கத்தான் வேண்டும். எந்தக் கடைக்குப் போனாலும் கவிழ்ந்த பாத்திரம் எல்லாவற்றையும் நிமிர்த்தி விளிம்பைப் பார்க்கிறேன். போன மாதம் நானா போன் எடுத்தார். "தம்பி, உங்கட எழுத்துப் போட்ட சாமான் ஒன்று வந்திருக்கு, ஓடி வாங்க." ஓடினேன். கிடாரம் இல்லை, சின்னச் செம்பு. எழுத்து 'மா. சி.' இலக்கமும் இல்லை. இது வேறு, நானா என்றேன். அவர் செம்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப இவர்தான் உண்மையான மாணிக்கமாக்கும்" என்றார்.

வாங்கிவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.