இறந்த அப்பத்தாவோடு பிள்ளை கற்பனையில் பேசினால் தடுக்கலாமா?

அப்பத்தா இறந்து 2 மாதம் ஆகிறது. 7 வயது மகள், அவர் ஐயனார் புரவியில் ஏறி ராத்திரி வளவுக்கு (வீட்டு முற்றத்துக்கு) வருவதாகச் சொல்லி விளையாடுகிறாள் என்று காரைக்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

தடுக்காதீர்கள். கதையில் புரவியை ஓட்டுவது அவள்தான். எப்போது வரணும், எப்போது போகணும் என்பது அவள் கையில். சாவில் கிடைக்காத அந்தப் பிடி, பயத்தைத் தாங்க உதவுகிறது.

புரவி செய்ய அவளுக்குக் களிமண் உருண்டை ஒன்றைக் கொடுத்து, தினம் 15 நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். "அப்பத்தா இப்ப என்ன சொல்றாங்க?" என்று கேட்டால் போதும், கதையைத் திருத்த வேண்டாம். புரவியின் கால் ஒடிந்தால் உடனே ஒட்டிக் கொடுக்காதீர்கள். ஒடிந்ததை என்ன செய்வதென்று அவளே தீர்மானிக்கட்டும், அதுதான் முக்கியம்.

விளையாட்டுக்கு வெளியே அவள் கேட்டால் நேராகச் சொல்லுங்கள்: "அப்பத்தா இறந்துட்டாங்க, உடம்பு வேலை செய்யறதை நிறுத்திருச்சு, திரும்பி வரமாட்டாங்க." பெரியவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். "தூங்குறாங்க" என்றால் பிள்ளை தூங்கவே பயப்படலாம்; "சாமி கூட்டிக்கிட்டாரு" என்றால் அடுத்து அம்மாவையா என்று நினைக்கலாம்.

விளையாட்டில் ஒரே காட்சி மாறாமல் திரும்பத் திரும்ப வந்து, விளையாடி முடித்தபின்னும் மிரண்டே இருந்தால் குழந்தை மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். "நானும் அங்கே போறேன்" என்றால் அன்றைக்கே. அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.